மெலிவும் மிடியும்: பேஸ் கிட்டார் வாசிப்போருக்கு ஓர் அறிமுகம்

முன்னுரை

தமிழிசை மரபில் இசையின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று மூன்றாகப் பகுத்தார்கள். கீழே ஒலிப்பது மெலிவு, மேலே ஒலிப்பது வலிவு. மேடையில் பாடகரையும் வயலினையும் எல்லாரும் கேட்கிறார்கள். மெலிவில் நிற்கும் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கவனிப்பவர் மிகச் சிலரே. அது நின்றுபோனால் மட்டும் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

நம் மன்றத்தின் கலைநிகழ்ச்சிக்காக ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பன்னிரண்டு திரைப்பாடல்களைத் தயார் செய்கிறோம். பாடல் வரிகள் எளிதில் கிடைக்கின்றன. கீபோர்டுக்கான கார்டுகளும் தேடினால் கிடைக்கும். பேஸ் பகுதிக்கு மட்டும் பெரும்பாலும் எழுத்து வடிவம் கிடைப்பதில்லை. அந்த ஆண்டு பேஸ் வாசிப்பவர் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்கிறார். அவர் பட்டம் பெற்றுப் போகும்போது அந்தப் பாட்டுகளும் அவரோடு போய்விடுகின்றன. அடுத்து வருபவர் மீண்டும் முதல் நொடியிலிருந்து தொடங்குகிறார்.

இளையராஜா தம் இசையை மேற்கத்திய முறையில் தாளில் எழுதிக் கொடுப்பவர் என்பது நாம் அறிந்ததே. அவருடைய குழுவில் சசிதரன் வாசித்த பேஸ் பகுதிகளும், ஏ.ஆர். ரகுமானின் பல பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவையும் இன்றும் பேஸ் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கின்றன. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துத் தாள் நம் கைக்கு வருவதில்லை. நமக்குக் கிடைப்பது ஒலி மட்டுமே. அதைக் கேட்டு நாமே எழுதி வைத்தால்தான் உண்டு. அப்படி எழுதி வைக்க மிடி எப்படி உதவும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என்னைப் பற்றி ஒரு சொல். நான் மலேசியாவிலிருந்து இங்குப் படிக்க வந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஸரிகம கற்றேன். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில், மலாயில் 'பஞ்சராகம்' எனப்படும் ஊதுகருவிக் குழுவில் சேர்ந்து ஐந்து கோட்டுக் குறியீட்டைப் படித்தேன். ஆகவே ஒரே சுரத்துக்கு எனக்கு இரண்டு பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. மிடி மூன்றாவதாக ஓர் எண்ணைக் கொடுத்தது. இப்போது குவீன்ஸ்டவுனில் ஒரு வீவக வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இரவு பத்து மணிக்குமேல் அங்கே ஆம்ப் போட முடியாது. பேஸின் ஒலி சுவரைத் தாண்டிப் போகும். கணினியும் ஹெட்போனும் துணைக்கு வந்தது அதனால்தான்.

மிடி என்பது என்ன?

பழந்தமிழில் மிடி என்றால் வறுமை. மன்றத்து நண்பர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு. இசைக்கருவி உலகின் மிடி, இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது மொழி.

1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் சிந்தசைசரை இன்னொரு நிறுவனத்தின் சிந்தசைசரோடு இணைப்பது பெரும் தொல்லையாக இருந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷி ஆகியோர் முன்னின்று பொதுவான ஒரு முறையை வகுத்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் புரொபெட்-600, ஜூபிடர்-6 என்னும் இரு வேறு நிறுவனக் கருவிகள் ஒரே கம்பியால் இணைந்து ஒலித்தன. இதற்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. சிம் வோங் ஹூ 1981இல் பெர்ல்ஸ் சென்டரில் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டது. விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செருகும் அதே துளை வழியாக மிடிக் கருவியையும் அதில் இணைக்க முடிந்தது. வீட்டுக் கணினிக்கு மிடி வந்து சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று.

மிடி ஒலியைச் சுமந்து செல்வதில்லை. பாட்டு வகுப்பில் எழுதும் சுரக்குறிப்பு நோட்டும் கேசட்டும் எப்படி வேறு வேறோ, அப்படித்தான் மிடியும் ஒலிப்பதிவும். எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்ற செய்தி மட்டும் மிடியில் போகும். சுரத்துக்கும் அழுத்தத்துக்கும் 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. பேஸ் கிட்டாரின் நான்கு திறந்த தந்திகளின் எண்கள் இவை: ஈ 28, ஏ 33, டி 38, ஜி 43. ஒரு ஃபிரெட் மேலே போனால் எண் ஒன்று கூடும். அவ்வளவுதான் கணக்கு.

பேஸுக்கு மட்டும் ஏன் கடினம்?

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் எது அழுத்தப்பட்டது என்று கருவிக்கு உடனே தெரியும். கிட்டாரில் அப்படியில்லை. தந்தி அதிரும் வேகத்தை அளந்துதான் சுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஓர் அதிர்வாவது முழுமையாக முடிய வேண்டும். பெரும்பாலும் இரண்டு தேவைப்படும்.

பேஸின் ஈ தந்தி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 24 மில்லிநொடி ஆகிறது. சாதாரணக் கிட்டாரின் மேல் ஈ தந்திக்கு 3 மில்லிநொடி போதும். கம்பியில் செய்தி போவதற்கு ஒரு மில்லிநொடிதான் ஆகும். ஆகவே தாமதத்தின் பெரும் பகுதி மெலிவின் இயற்கையிலேயே இருக்கிறது. ஒலி காற்றில் 24 மில்லிநொடியில் சுமார் 8 மீட்டர் செல்லும். ஆம்பை எட்டு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, தனிப் பிக்கப். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாகக் கேட்கும் பிக்கப்பை பிரிட்ஜுக்கு அருகில் பொருத்துவது. ரோலண்டின் ஜிகே-3பி இவ்வகை. இது 13 முனைக் கம்பியால் ஜிஆர்-55 போன்ற கருவியோடு இணையும். பின்னர் வந்த ஜிகே-5பி வேறு வகைக் கம்பியைப் பயன்படுத்துகிறது. பழையதும் புதியதும் நேரடியாக இணையா. பழைய பொருள் வாங்குவோர் இதைப் பார்த்து வாங்கவும்.

இரண்டாவது, ஃபிரெட்டிலேயே மின்தொடர்பு. 1990களின் தொடக்கத்தில் வந்த பீவி மிடிபேஸ் இவ்வகை. தந்தி எந்த ஃபிரெட்டைத் தொடுகிறது என்பது மின்தொடர்பால் தெரிந்துவிடும். அதிர்வை எண்ணக் காத்திருக்க வேண்டாம். தாமதத்துக்குச் சிறந்த தீர்வு இதுவே. ஆனால் கிடைப்பது அரிது.

மூன்றாவது, மென்பொருள். உங்களிடம் உள்ள பேஸை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் இணைத்து, ஜாம் ஆரிஜின் நிறுவனத்தின் மிடி கிட்டார் போன்ற மென்பொருளிடம் வேலையை விடுவது. பேஸில் துளை போடவோ எதையும் ஒட்டவோ வேண்டாம். மாணவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். எழுதி வைப்பது நோக்கமென்றால் சிறு தாமதம் பெரிய தடையில்லை. பிறகு மொத்தமாக நகர்த்திக்கொள்ளலாம்.

முதல் வாரப் பயிற்சி

1. சுருதி சேர்த்துவிட்டு, 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரம் திறந்த தந்தியின் சரியான மேல் ஸ்தாயியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிட்டார் கடையில் சரிசெய்துகொள்ளுங்கள். மேல் ஃபிரெட்டுகளில் எண் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

2. இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். பலமாக வாசிக்கும்போதும் சிவப்பு விளக்கு எரியக்கூடாது. மென்பொருளில் பஃபரை 128 என்று வையுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது 3 மில்லிநொடிக்கும் குறைவு.

3. முதல் நாள் திறந்த தந்திகளை மட்டும் வாசித்துத் திரையில் வரும் எண்களைப் பாருங்கள். 28 வர வேண்டிய இடத்தில் 40 வந்தால், மென்பொருள் மேல் ஸ்தாயியைக் கேட்டுவிட்டது என்று பொருள். விரலைக் கழுத்துப் பக்கம் நகர்த்தி மீட்டுங்கள். டோன் குமிழைக் குறையுங்கள். அடிப்படைச் சுரம் வலுப்படும்.

4. திரையில் ஈ தந்தியை ஈ1 என்று ஒரு மென்பொருளும் ஈ0 என்று இன்னொன்றும் காட்டும். பெயர் வைக்கும் பழக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எண்ணை மட்டும் நம்புங்கள்.

5. இரண்டாம் நாள், அடக்குதல். ஒரு தந்தியை மீட்டும்போது மற்றவை அசையக்கூடாது. கட்டைவிரலைக் கீழ்த் தந்திகள்மேல் சாய்த்து வைத்துப் பழகுங்கள். காதுக்குக் கேட்காத சிறு அதிர்வையும் மென்பொருள் ஒரு சுரமாக எழுதிவிடும். ஒழுங்கற்ற கையை இவ்வளவு கறாராகக் காட்டும் ஆசிரியர் வேறில்லை.

6. நேரடியாக வாசிக்கும்போது தாமதம் உறுத்தினால், 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே வாசித்து, மென்பொருளில் 12 எண்கள் இறக்கிக்கொள்ளுங்கள். ஈ தந்தியின் காத்திருப்பு பாதியாகும்.

பாட்டை எழுதி வைத்தல்

தாளக் கிளிக்கோடு எட்டு ஆவர்த்தம் பதிவு செய்து பழகிய பிறகு ஒரு பாட்டை எடுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினிக்கு முந்தைய காலத்துப் பாடல்களைக் கலைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். காலப்பிரமாணம் சரணத்தில் சற்றே ஏறும், சில இடங்களில் இறங்கும். அதை ஒரே எண்ணில் கட்டிப்போட்டால் ஒரு நிமிடத்துக்குள் கிளிக்கும் பாட்டும் பிரிந்துவிடும். எனவே முதலில் பாட்டை ஓடவிட்டு, தாளத்தைத் தட்டி மென்பொருளுக்குக் காலத்தைக் கற்றுக்கொடுங்கள். பிறகு பேஸை வாசியுங்கள். 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' போன்று கணினி வழி இசை சேர்ந்த பாடல்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இராது. தொடக்கத்துக்கு அவை நல்லவை.

அடுத்தது குவாண்டைஸ். இது சுரங்களைக் கட்டங்களுக்குள் நேராக அடுக்கும் வசதி. ஒரு காலடியை 480 பகுதிகளாகப் பிரிக்கும் மென்பொருளில், நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில், ஒரு பகுதி 1.25 மில்லிநொடி. அவ்வளவு நுட்பமாகப் பதிவான வாசிப்பை ஒரே சொடுக்கில் நேராக்கினால் பேஸின் நடை செத்துவிடும். வாசித்தபடியே ஒரு பிரதியும், நேராக்கிய பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கேட்பதற்கு, இரண்டாவது குறியீடாக அச்சிடுவதற்கு. இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோர் மிடிக் கோப்பைக் குறியீடாக மாற்றித் தரும். பேஸின் குறியீடு, ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுவது வழக்கம் என்பதை மறக்கவேண்டாம்.

எண் 33 என்பது ஏ திறந்த தந்தியா, ஈ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டா என்று மிடிக்குத் தெரியாது. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சேனல் ஒதுக்கினால்தான் தெரியும். அந்த வசதி தனிப் பிக்கப்புக்கு உண்டு. மென்பொருள் வழியில் செல்வோர் விரல் நிலையைப் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

நம் இசைக்கு ஒரு சிறப்புத் தேவை

உறுமியின் இழுப்பைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது இயல்பு. மிடியில் இதற்குப் பிட்ச் பெண்ட் என்று பெயர். அதற்கு 16,384 படிகள் உண்டு. ஆகவே நுட்பத்துக்குக் குறைவில்லை. சிக்கல் எல்லையில்தான். வழக்கமாக மேலே இரண்டு சுரத்தானமும் கீழே இரண்டும் மட்டுமே அது போகும். மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து பத்தாம் ஃபிரெட்டுக்கு வழுக்கினால் ஏழு தானம். எல்லையை 12 என்று மாற்றுங்கள். மாற்றும் மென்பொருள், ஒலிக்கும் சிந்தசைசர் ஆகிய இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்றில் 12, இன்னொன்றில் 2 என்றிருந்தால் ஒரு முழு ஸ்தாயி வழுக்கல் இரண்டு தானத்தோடு நின்றுவிடும். கமகத்தை மிடி தாங்காது என்று சிலர் கைவிடுவதற்கு இந்த ஓர் எண்தான் பல நேரம் காரணம்.

மிடிக்கு எட்டாதவையும் உண்டு. விரல் தோல் தந்தியில் உரசும் ஒலி, சுரமில்லாமல் தட்டும் தட்டல், பழைய தந்தியின் மந்தமான நாதம் ஆகியவை எண்ணாக மாறுவதில்லை. எனவே மிடிக் கோப்போடு உங்கள் பேஸின் அசல் ஒலிப்பதிவையும் சேர்த்து வையுங்கள். இரண்டும் ஒரே வாசிப்பில் கிடைத்துவிடும்.

முடிவுரை

மன்றத்தின் பொதுக் கோப்புறையில் 'மெலிவு' என்று ஓர் இடம் தொடங்கியுள்ளேன். இப்போது அதில் மூன்று பாடல்கள் உள்ளன. விடுமுறையில் குவீன்ஸ்டவுன் பொது நூலகத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து திருத்தியவை. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பாட்டு, படம், ஆண்டு, சுருதி, வேகம் ஆகிய ஐந்தும் இருக்கும். இவை பதிப்புரிமை உள்ள பாடல்கள். ஆகவே மன்றத்தின் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

அடுத்த ஆண்டு நான் இங்கிருக்க மாட்டேன். பேஸ் வாசிக்கும் தம்பி தங்கைகள் ஆளுக்கொரு பாட்டை எழுதிச் சேர்த்தால், ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு முழு நிகழ்ச்சிக்கான மெலிவு நம் கையில் இருக்கும். பேஸ் வாசிக்காதவர்களும் உதவலாம். ஒரு பாட்டைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டுக் கீழே மட்டும் கேளுங்கள். எந்தப் பாட்டை முதலில் எழுதவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.