பால் கவர் எடைக்குப் போகும், சிப்ஸ் கவர்?

கேள்வி: பால் கவரை எடைக்கு எடுக்கும் பழைய பேப்பர் கடைக்காரர், சிப்ஸ் கவரைத் தொடவே மாட்டேன் என்கிறார். இரண்டும் பிளாஸ்டிக்தானே?

பதில்: பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு. பால் கவர் முழுக்கப் பாலிஎத்திலீன். கழுவி, உருக்கி, குருணையாக்கினால் குப்பைப் பையாகவோ குழாயாகவோ மறுபடி வரும். சிப்ஸ் கவரை உட்புறம் திருப்பிப் பாருங்கள்: வெள்ளிபோல் மினுங்குவது அலுமினியப் பூச்சு. அதோடு ஒட்டிய பிளாஸ்டிக் படலங்கள், இடையே மை, பசை. பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. சேகரித்தாலும் பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகத்தான் போகும். அதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிந்தது திரும்பி வராது.

ரகம் பார்த்துப் பிரிப்பது மற்ற பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும். தண்ணீர் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் அது பெட் என்ற ரகம். மூடி வேறு ரகம். இரண்டையும் நொறுக்கித் தண்ணீரில் கொட்டினால் மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் மூழ்கும். ஆலைகளில் பிரிப்பதும் இப்படித்தான். பெட்டோடு பிவிசி என்ற இன்னொரு ரகம் கொஞ்சம் கலந்தாலே போதும், உருக்கும்போது அமிலம் கிளம்பிச் சரக்கைக் கெடுத்துவிடும்.

ஆகவே கடைக்காரரைக் கோபிக்காதீர்கள். பிரிக்கக் கட்டுப்படியாகாத உறையைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்கள்தான் ஒரே ரகப் பிளாஸ்டிக்குக்கு மாற வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது: பால் கவரின் மூலையைத் தனியாக நறுக்கிப் போடாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது.