சொந்த மரமும் ஊர் நிழலும்

கேள்வி: என் மனையில் நான் வளர்த்த மரத்தை வெட்ட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் சொன்னால், அது சொத்துரிமையில் தலையிடுவது ஆகாதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தலையீடுதான், ஆனால் நியாயமான தலையீடு. மரம் உங்களுடையது, அதன் நிழலும் குளிர்ச்சியும் தெருவுக்கே போய்ச் சேர்கின்றன. வீடுகள் நெருங்கி நிற்கும் முத்தியால்பேட்டையில் வெட்டிய மரத்துக்கு ஈடாக இன்னொன்று வளர்க்க இடம் எளிதில் கிடைக்காது. சொந்த மனையில் வீடு கட்டவும் அனுமதி வாங்கத்தானே செய்கிறோம்? டெல்லியின் 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிலத்து மரங்களுக்கும் பொருந்தும். உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் பெரும்பாலும் தனியார் நிலத்தில் நின்ற 454 மரங்கள் அனுமதியின்றி வெட்டப்பட்ட வழக்கில், மரம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதத்தை 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

'மரம் வீட்டின்மேல் சாய்ந்தால் யார் பொறுப்பு?' என்ற அச்சத்தை ஒதுக்க முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலைக் கண்ட ஊர் இது. உடனடி ஆபத்து என்றால் உரிமையாளரே வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கலாம் என்று டெல்லிச் சட்டம் வழிவிடுகிறது. 'கெடுபிடி செய்தால் யாரும் மரமே வைக்க மாட்டார்கள்' என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். கேரளத்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்ந்தே, அறிவிக்கை செய்யப்படாத, காடல்லாத நிலங்களில் சந்தனம் தவிர மற்ற மரங்களை வெட்டும் உரிமையை உரிமையாளருக்குத் தந்தது. ஆகவே நகரத்துக்கு நான் கேட்பது அளவான சட்டம்: முதிர்ந்த மரங்களுக்கு மட்டும் அனுமதி, குறித்த நாளுக்குள் முடிவு, கிளை கழிக்கும் செலவில் நகராட்சியின் பங்கு. பலன் ஊருக்கு என்றால் பாரத்திலும் ஊர் பங்கேற்க வேண்டும்.