கடல் தரும் மின்சாரம்: விழிஞம் கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்குத் தெற்கேயுள்ள விழிஞம் கடற்கரையில், 1991-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியால் 150 கிலோவாட் அலைமின் நிலையம் நிறுவப்பட்டது. துறைமுக அலைதடுப்புச் சுவரையொட்டிய கான்கிரீட் அறையினுள் நீர் ஏறி இறங்குகையில், காற்று வெளியேறியும் உட்புகுந்தும் சுழலியை இயக்கியது. காற்று எத்திசையில் பாய்ந்தாலும் வெல்ஸ் சுழலி ஒரே திசையில் சுழல்வது அதன் சிறப்பு.

அதே ஆண்டில் டென்மார்க்கின் விண்டபியில் 11 காற்றாலைகளுடன் உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை இயங்கத் தொடங்கியது. காற்றாயினும் அலையாயினும் இடர்ப்பாடு ஒன்றே: ஆற்றல் மிகும் பருவத்தில்தான் பழுது பார்ப்போர் நெருங்குவது அரிது.

விழிஞம் நிலையம் இன்று இயங்கவில்லை. தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு 2024-இல் மத்திய அரசு நிதியுதவிக்கு ஒப்புதல் அளித்துள்ளது. கட்டுமானச் செலவோடு பராமரிப்புச் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கிடுவது இன்றியமையாதது.