பனிக்கட்டி டம்ளரும் படகுச் சன்னலும்

எட்டாம் வகுப்பில் வெப்பக் கடத்தலை நான் ஐஸ் ஹவுஸிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் மயிலாப்பூர் மாணவர்கள் கடற்கரைக்குப் போகும்போது பார்க்கும் கட்டடம். இன்று விவேகானந்தர் இல்லம். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது. மாதக்கணக்கான பயணத்திலும் பனிக்கட்டி முழுவதும் உருகாமல் காத்தது மரத்தூள். தூளைவிட, அதனிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது.

“கப்பல் சன்னலில் மரத்தூள் போட்டால் வெளியே தெரியாதே டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி. அதற்குத்தான் இரட்டைக் கண்ணாடி. கண்ணாடி கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ 40இல் ஒரு பங்கையே காற்று கடத்தும்.

செய்துகாட்ட மூன்று கண்ணாடி டம்ளர்கள் போதும். இரு சிறிய டம்ளர்களில் பனிக்கட்டியும் வண்ண நீரும் நிரப்புங்கள். ஒன்றை மட்டும் பெரிய டம்ளருக்குள், அடியில் அட்டைத்துண்டு வைத்து இறக்குங்கள். தனி டம்ளர் விரைவில் வியர்க்கும்; சென்னைக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! “தண்ணீர் கசிகிறது” என்பார்கள். துளிகளை வெள்ளைத் தாளில் ஒற்றச் சொல்லுங்கள், நிறம் இராது. இரட்டை டம்ளரின் வெளிச்சுவர் பெரும்பாலும் வறண்டிருக்கும், ஆனால் இடைவெளிக்குள் துளிகள் தோன்றும். சோதனை தவறிவிட்டதாக நினைத்து இதை மறைத்துவிடாதீர்கள். இதனால்தான் படகுச் சன்னலில் இடைவெளியைக் காற்றுப்புகாமல் மூடி, கண்ணாடிகளைப் பிரிக்கும் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளை வைக்கிறார்கள். அலுமினியச் சட்டத்தின் நடுவே பிளாஸ்டிக் செருகுவது ஏன் என்பது வீட்டுப்பாடம்.