வாவிக்குப் போகுமுன்

சித்திரை வந்தால் பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் வேன் பிடித்து நுவரெலியாவுக்குச் செல்வதுண்டு. கிரகரி வாவியில் படகேறாமல் பிள்ளைகள் திரும்ப மாட்டார்கள். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தில் அமைத்த வாவி அது. 6,000 அடிக்கு மேல் இருப்பதால் நீர் மிகக் குளிர்ந்தது. விழுந்தவுடன் மூச்சுத் திணறும், நீந்தத் தெரிந்தவருக்கும் கைகால் சோரும். பீலியில் குளித்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கோ நீச்சலே தெரியாது. ஆகவே உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுகக் கட்டிய பின்பே ஏறுங்கள். எழுந்து நின்றாலே சிறு படகு சாயும்; படம் எடுக்கும் ஆசையைக் கரையில் தீர்த்துக்கொள்ளலாம். கவிழ்ந்துவிட்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும், அதையே பற்றிக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. தரையில் படுத்துக்கொண்டு கம்பையோ சேலையையோ நீட்டுங்கள்.