கொக்கி இல்லாத கண்ணி



நியூக்ளியோசைடு, நியூக்ளியோடைடு இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஓர் உயிர் காக்கும் மருந்தே அடங்கியிருக்கிறது.

அமைப்பு: நியூக்ளியோசைடில் இரண்டே பாகங்கள். ஒன்று, ஐந்து கார்பன் உள்ள சர்க்கரை. மற்றது, நைட்ரஜன் உள்ள காரம். சர்க்கரையின் முதல் கார்பனில் காரம் இணைகிறது. அடினினும் ரைபோசும் சேர்ந்தால் அடினோசின். தைமினும் டீஆக்சிரைபோசும் சேர்ந்தால் தைமிடின். இதோடு பாஸ்பேட்டும் சேர்ந்தால் அது நியூக்ளியோடைடு. அடினோசினோடு மூன்று பாஸ்பேட் சேர்ந்ததுதான் நமக்குத் தெரிந்த ஏ.டி.பி.

பணி: டி.என்.ஏ. ஒரு நீளச் சங்கிலி. நியூக்ளியோடைடுகள் அதன் கண்ணிகள். சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில்தான் கொக்கி. அடுத்த கண்ணியின் பாஸ்பேட் அதில்தான் மாட்டும். கொக்கி இல்லாட்டி சங்கிலி அங்கேயே நின்றுவிடும், அவ்வளவுதான்!

1964-ல் அமெரிக்காவில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி, தைமிடினின் அந்தக் கொக்கி இருக்கும் இடத்தில் மூன்று நைட்ரஜன் கொண்ட அசைடோ தொகுதி அமைந்த ஒரு பொருளைத் தயாரித்தார். அதுவே ஏ.இசட்.டி. புற்றுநோய்க்காகச் செய்தது, எலிகளிடம் பலிக்கவில்லை. ஓரமாகக் கிடந்தது.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டறிந்தபோது, அதற்கென்று அனுமதி பெற்ற மருந்து உலகில் எங்கும் இல்லை. 1987 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் மருந்தாக அனுமதி பெற்றது, ஓரமாகக் கிடந்த அதே ஏ.இசட்.டி.தான்.

இதை ஏன் நியூக்ளியோடைடாகக் கொடுக்கவில்லை? பாஸ்பேட்டுக்கு எதிர் மின்சுமை உண்டு. அது செல் சவ்வை எளிதில் தாண்டாது. நியூக்ளியோசைடு தாண்டிவிடும். உள்ளே போனதும் செல்லின் என்சைம்களே மூன்று பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிவிடுகின்றன. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. கட்டும்போது, அதன் என்சைம் ஏமாந்துபோய் இதை எடுத்துக் கோர்க்கிறது. அடுத்த கண்ணியை மாட்ட இடமில்லை!

இது நோயை அடியோடு ஒழிக்காது. தனியாகக் கொடுத்தால் நாளடைவில் வைரஸ் பழகிக்கொள்ளும். அதனால் வேறு மருந்துகளோடு சேர்த்தே சிகிச்சை தருகிறார்கள். ஆனாலும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஏ.இசட்.டி. சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது என்று 1994-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே நண்பர்களே, வினாத்தாளில் நியூக்ளியோசைடு என்று வந்தால் பாஸ்பேட்டைச் சேர்த்துவிடாதீர்கள். அது இல்லாததால்தான் மருந்து செல்லுக்குள் போகிறது.