செயற்கைக்கோள் வழி சொல்வதில்லை

வானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் நம் காரைப் பார்த்துக்கொண்டே வருகிறது, அதுதான் "இடப்பக்கம் திரும்புங்கள்" என்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். படித்தவர்களும்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு நம் காரும் தெரியாது, சாலையும் தெரியாது. தாம் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புவதே அவற்றின் வேலை. யார் கேட்கிறார்கள் என்பது வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அப்படித்தான் இதுவும். அலைகள் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து, நாம் எங்கே இருக்கிறோம் என்று போன்தான் கணக்குப் போடுகிறது. அதற்கு நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். நான்காவது, போனில் உள்ள சாதாரணக் கடிகாரத்தின் பிழையைக் கழிப்பதற்கு.

அப்படியானால் நெரிசலைச் சிவப்புக் கோடாகக் காட்டுவது யார்? நாம்தான். போனில் உள்ள வரைபடச் செயலி நம் இடத்தையும் வேகத்தையும் இணையம் வழியே அதை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. பல போன்கள் ஒரே தெருவில் ஊர்ந்தால் அங்கே நெரிசல் என்று முடிவாகிறது. 2020-இல் சைமன் வெக்கர்ட் என்ற பெர்லின் கலைஞர் 99 போன்களைக் கைவண்டியில் போட்டு இழுத்துப் போய், காலியான தெருவைக் கூகுள் மேப்ஸில் சிவப்பாக்கிக் காட்டினார். வேவு பார்க்கப்படுகிறோமோ என்று பயப்படுகிறவர்கள் வானத்தை விட்டுவிட்டுச் செயலிக்குக் கொடுத்த அனுமதிகளைப் பார்ப்பது நல்லது.

"டவர் இல்லையென்றால் ஜிபிஎஸ் வராது" என்பதும் தவறு. டவர் இல்லாவிட்டால் வராமல் போவது வரைபடம்தான். மலைப்பாதைக்குப் புறப்படும் முன் அந்தப் பகுதி வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்தால் போதும். நெரிசல் விவரம் மட்டும் கிடைக்காது.

வண்டி ஓட்டும்போது வழி பார்க்கப் போனைப் பயன்படுத்தினாலே அபராதம் என்பதும் சரியல்ல. கவனம் சிதறாதபடி, வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம் என்று 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். ஓட்டிக்கொண்டே ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்வது இதில் அடங்காது.

சென்னையின் கத்திப்பாரா மேம்பாலம் போன்ற இடங்களில் நாம் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று போன் குழம்புவது உண்மை. ஜிபிஎஸ் கணக்கில் உயரத்தில் வரும் பிழை எப்போதும் சற்று அதிகம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை, ஜிபிஎஸ் காட்டினால் அங்கே சாலை இருக்கும் என்பது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றுக்குள் கார் விழுந்து மூவர் இறந்தார்கள். "ஜிபிஎஸ் கொன்றது" என்று பேசினார்கள். கார் இருந்த இடத்தைக் கண்டுபிடித்ததில் கோளாறு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பாலம் போன செய்தி வரைபடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பாலத்தின் முன்னால் தடுப்பும் இல்லை. காவல்துறை பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிந்தது. என்னைக் கேட்டால், முதல் குற்றம் அந்தத் தடுப்பு இல்லாததுதான்.

உங்கள் ஊரில் பாலம் உடைந்திருந்தாலோ சாலையை மூடியிருந்தாலோ, வரைபடச் செயலியிலேயே அதைத் தெரிவிக்க வசதி இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரிந்த சங்கதி; இரவில் வரும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பதிந்துவிடுங்கள்.